ஸ்டேஷன் மாஸ்டரின் தொண்ணூற்று நான்கு உறவுகள்

எங்கள் ஊருக்குப் பெயர் வைக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. தண்டவாளம் போட்டவர்கள் அளந்துகொண்டே வந்தார்கள். 613-ஆவது கிலோமீட்டரில் ஒரு தகரக் கூரை போட்டு, ஒரு மணியைக் கட்டி, பலகையில் எண்ணையே எழுதிவிட்டு மேலே போய்விட்டார்கள். சந்தியாகோ தெல் எஸ்தேரோ மாநிலத்தில் எண்ணையே பெயராகச் சுமக்கிற ஊர்கள் வேறும் உண்டு. நாங்கள் சுருக்கமாக "பதின்மூன்று" என்போம்.

அந்த ஸ்டேஷன் மரத்துக்காக வந்தது. கெப்ராச்சோ என்று ஒரு மரம், வெட்டப் போனவனின் கோடாரியை முறித்துவிடும். அதை அறுத்தால் ஸ்லீப்பர் கட்டை. ஸ்லீப்பர் கட்டையைப் போட்டால் தண்டவாளம். தண்டவாளம் நீண்டால் இன்னும் மரம். முப்பது வருஷத்தில் காடு தீர்ந்தது. கம்பெனி போய்விட்டது. வெட்ட வந்தவர்களுக்கு யாரும் திரும்பிப் போக டிக்கெட் வாங்கித் தரவில்லை, அதனால் எங்கள் அப்பா அம்மாவெல்லாம் இங்கேயே ஆடு வளர்த்துக்கொண்டு, கரி மூட்டம் போட்டுக்கொண்டு இருந்துவிட்டார்கள். துக்குமானுக்குக் கரும்பு வெட்டப் போகிறவன் போவதும், அவன் செத்த தந்தி வருவதும் ஸ்டேஷன் வழியாகத்தான். என் புருஷன் செத்த தந்தியும் அப்படித்தான் வந்தது. ஊரில் கடிகாரம் ஒன்றே ஒன்று, அதுவும் பிளாட்பாரத்தில்.

எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர். எங்கள் மண்ணில் எங்கே தோண்டினாலும் உப்பு. அந்தத் தண்ணீரில் மாத்தே இலைத் தேநீர் போட்டால் வாயில் வைக்க முடியாது. ஆடு குடித்துவிட்டு நம்மை முறைக்கும். செவ்வாய்க்கிழமை வண்டி ஒரு தண்ணீர் டாங்கியை இழுத்துவந்து பக்கத்துத் தண்டவாளத்தில் விட்டுவிட்டுப் போகும், காலி டாங்கியை எடுத்துக்கொள்ளும். ஊர் முழுக்க மண்ணெண்ணெய் டின்களோடு வரிசையில் நிற்கும். சட்டப்படி அது ஸ்டேஷன் பணியாளருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மட்டும். பழைய மாஸ்டர் கொர்வலான் பத்தொன்பது வருஷம் அந்தச் சட்டத்தைப் பார்க்கவே இல்லை. செத்துப்போன இரண்டு போர்ட்டர்களைக் காகிதத்தில் உயிரோடு வைத்திருந்தார், ஆளுக்கு எட்டுப் பிள்ளைகள் வேறு. அவர் கண்ணை மூடினார், நாங்கள் குடித்தோம். பிறகு ஒரு நவம்பரில் நிஜமாகவே கண்ணை மூடினார்.

டிசம்பரில் புது மாஸ்டர் வந்தார். பெசோனி என்று பெயர். ரொசாரியோ பக்கத்து ஆள், ஐம்பது வயதுக்குச் சற்றுக் கீழே, கல்யாணம் ஆகாதவர். அந்த வெயிலிலும் கோட்டின் மேல் பொத்தானைக்கூடக் கழற்றமாட்டார். முதல் செவ்வாய்க்கிழமை நாங்கள் வரிசையில் நின்றபோது கையில் விதிப் புத்தகத்தோடு வந்தார்.

"நீங்கல்லாம் யாரு?" என்றார்.

"தண்ணி பிடிக்க வந்தவங்க" என்றேன். நான்தான் முன்னால் நின்றேன். எப்போதும் நான்தான் முன்னால் நிற்பேன்.

"போர்ட்டர் ரோல்தான், போர்ட்டர் கோமேஸ். இவங்க குடும்பமா?"

"அவங்க குடும்பம் கல்லறையில இருக்கு மாஸ்டரய்யா. அவங்களுக்குத் தாகமில்லை. எங்களுக்குத்தான்."

பின்னால் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "இல்லாத ஆளை இருக்கறதா நான் எழுதமாட்டேன்ம்மா. பொய் எழுதினது கிடையாது. உங்களுக்குத் தண்ணி வேணும்ங்கறது நியாயம். அதை முறைப்படி கேப்போம். இன்னிக்கே கடுதாசி போடறேன்" என்றார். அன்றைக்கு மட்டும் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் குழாயில் பூட்டுப் போட்டார்.

"பச்சைத் தண்ணி கொடுக்க மனசில்லாதவனைப் பெத்தவ யாரோ, அவளைச் சொல்லணும்" என்று அவர் காதில் விழும்படியே சொல்லிவிட்டு வந்தேன். அது தப்பு. ஆனால் அப்போது எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை.

அவர் கடிதம் போட்டார். அழகான கையெழுத்து. இங்கே தொண்ணூற்றெட்டு உயிர்கள் இருக்கின்றன, போர்ட்டர்கள் இறந்து பல வருஷம் ஆயிற்று, ஆகவே ஊருக்கென்று தனியாகத் தண்ணீர் ஒதுக்க வேண்டும் என்று. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். பிப்ரவரியில் பதில் வந்தது: பணியாளர் ஒருவரே இருப்பதாலும் அவருக்குக் குடும்பம் இல்லாததாலும் இனி மாதத்துக்கு ஒரு டாங்கி போதும். ஊர் என்பது ரயில்வேயின் பொறுப்பல்ல.

அவர் அதைப் பிளாட்பாரத்தில் நின்று எங்களுக்குப் படித்துக் காட்டினார். மறைக்கலாம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. நாங்கள் ஒருவரும் திட்டவில்லை, என்னால்கூட முடியவில்லை. குழாய் பூட்டிய நாளிலிருந்தே பக்கத்து ஊர்க் குட்டையிலிருந்து கழுதை மேல்தான் தண்ணீர் கொண்டுவந்தோம், போக நாலு லீக், அதாவது இருபது கிலோமீட்டர், வர நாலு லீக்; இனி அதுவே வழி என்று ஆயிற்று. இரண்டு குடும்பங்கள் மூட்டை கட்டின. ஊர் காலியாகத் தண்ணீர் நின்றால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம்.

அவர் தன் டின்னில் பாதியைத் தினமும் ஒரு வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார். அது அவர் பங்கு, அதை யாருக்குக் கொடுத்தாலும் விதி மீறலில்லை. ஒரே சட்டையை ஒன்பது நாள் போட்டார். மீசையில் தூசி. நான் ஆட்டுப் பால்கட்டி விற்க வண்டிக்குப் போகும்போது பார்ப்பேன். பார்க்காத மாதிரி இருப்பேன்.

மார்ச் மாதம் என் அண்ணன் நிக்கனோர் வீட்டில் குழந்தை பிறந்தது. மத்தியான வெயில். ஏழு மாசத்துப் பிள்ளை, பூனைக்குட்டி அளவு, அழக்கூடத் தெம்பில்லை. பாதிரியார் வருஷத்துக்கு ஒரு தடவை அக்டோபரில்தான் வருவார். அதுவரை தாங்காத பிள்ளைக்கு வீட்டிலேயே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். வீட்டில் உப்புத் தண்ணீர்தான் இருந்தது.

"உப்புத் தண்ணியில என் பிள்ளைக்குப் பேர் வைக்கமாட்டேன்" என்று அண்ணி தோரிபியா படுத்தபடியே சொன்னாள். "போய் அந்த மனுஷன்கிட்ட ஒரு குவளை வாங்கிட்டு வா."

"அந்த ஆள்கிட்டயா? நானா?"

"நீதான் திட்டினே. நீயே போ."

போனேன். அவர் குவளையில் ஊற்றிக் கொடுப்பார் என்று நினைத்தேன். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு குவளையைத் தானே ஏந்திக்கொண்டு, சிந்தாமல், என் முன்னால் நடந்தார். வீட்டு வாசலில் என்னிடம் நீட்டினார்.

உள்ளேயிருந்து தோரிபியா கத்தினாள். "கைமாத்தாதே. யார் கையால தண்ணி வருதோ அவங்கதான் ஊத்தணும்."

"எனக்கு ஜெபம் தெரியாதேம்மா" என்றார்.

"தெரிஞ்சவங்க சொல்றோம். நீங்க ஊத்துங்க."

ஊற்றினார். பெனித்தோ என்று பெயர் சொன்னார்கள். ஞானத்தாயாக என்னை நிற்கச் சொன்னாள் தோரிபியா. "அவர் பக்கத்துல நான் நிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெண் நின்றாள். அந்த நேரத்திலும் எனக்கு வீம்பு.

பிள்ளை பிழைத்தது. மறுநாள் காலை நிக்கனோர் ஓர் ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனான். பிளாட்பாரத்தில் தொப்பியைக் கழற்றி, "கொம்பாத்ரே" என்று கூப்பிட்டான்.

"என்னது?" என்றார் மாஸ்டர்.

"நீங்க என் பிள்ளைக்கு ஞானத்தகப்பன். அப்போ எனக்கு நீங்க கொம்பாத்ரே. கூடப்பிறந்தவனைவிட மேல. இனிமே நாம சண்டை போடக்கூடாது. நான் செத்தா என் பிள்ளை உங்க பிள்ளை. நீங்க செத்தா நான்தான் குழி வெட்டணும்."

"எங்க ஊர்லயும் ஞானத்தகப்பன் உண்டுப்பா. பொம்மை வாங்கிக் கொடுப்பாங்க, அவ்வளவுதான்."

"இங்க அப்படியில்லை. இங்க அது ரத்தம்."

மாஸ்டர் அவனை உட்காரவைத்துவிட்டு விதிப் புத்தகத்தை எடுத்தார். பால்கட்டிக் கூடையோடு நானும் அங்கேதான் நின்றேன். 'பணியாளரும் அவரது குடும்பத்தாரும்' என்ற வரியை விரலால் தொட்டார். முன்பக்கம் புரட்டினார், பின்பக்கம் புரட்டினார். டிக்கெட் எது, பார்சல் எது, சாமான் எது, கால்நடை எது என்று பதினோரு பக்கத்துக்கு விளக்கம் எழுதியிருந்தார்கள். குடும்பம் எது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

இரண்டு நாள் அவர் அந்தப் புத்தகத்தை மூடவில்லை. கல்லுளிமங்கன் மாதிரி மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் நிக்கனோர் வீட்டுக்கு ஆள் விட்டார். "குடும்பத்துக்கு உண்டானதைப் பிடிச்சுக்கச் சொல்லுங்க" என்றார். அந்த வாரமே தலைமை அலுவலகத்துக்குப் படிவம் போயிற்று: ஞானப்பிள்ளை ஒன்று, கொம்பாத்ரே ஒருவர், பெண்களில் அதே முறையான கொமாத்ரே ஒருத்தி.

அப்புறம் ஊர் சும்மா இருக்குமா?

ஆனால் அவரிடம் ஒரு விஷயத்தில் அசைவே கிடையாது. உறவு நிஜமாக இருக்க வேண்டும். "எழுதிக்கங்க, யார் பாக்கப் போறாங்க" என்று ஒருத்தி சொன்னதற்கு அவளை வாசலுக்கு அனுப்பிவிட்டார். பிறந்த குழந்தைகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். ஞானஸ்நானம் ஏற்கெனவே ஆன பிள்ளைகளுக்கு? பிள்ளையின் முதல் முடியை வெட்டுகிறவரும் எங்களுக்குத் தகப்பன் முறைதான். ஊரில் நாலு வயது, ஆறு வயதுவரை முடி வெட்டாமல் விட்டிருந்த பிள்ளைகளையெல்லாம் இழுத்துவந்தார்கள். பார்சல் கயிறு வெட்டும் கத்தரிக்கோலால் ஒவ்வொரு தலையாக, எதையோ முத்திரை வைக்கிற கவனத்தோடு வெட்டினார். கல்யாணம் பண்ணாமல் பன்னிரண்டு வருஷம் சேர்ந்திருந்த இரண்டு ஜோடிகள், அடுத்த அக்டோபரில் கல்யாணம் என்று நிச்சயம் செய்து, மோதிரத்தை அவர் கையாலேயே வாங்கிப் போட்டுக்கொண்டன; மோதிரம் எடுத்துக் கொடுக்கிறவரும் எங்களுக்கு உறவுதான். எழுபத்திரண்டு வயது உம்பிடெஸுக்குப் பெண்டாட்டியும் இல்லை, பிள்ளையும் இல்லை. அவர் தன் வீட்டு அந்தோணியார் சிலைக்குப் புது அங்கி தைத்து, அதற்கு மாஸ்டரைக் காப்பாளராக நிற்கவைத்தார்.

"அந்தோணியார் வழியா நாம ரெண்டு பேரும் உறவு" என்றார் உம்பிடெஸ்.

"அந்தோணியாரும் தண்ணி குடிப்பாரா?" என்று மாஸ்டர் கேட்டார். அவர் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

உறவு என்றால் சும்மா பெயர் இல்லை. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அவரைத்தான் எழுப்பினார்கள். கொம்பாத்ரே இருவர் ஆட்டுக்காகச் சண்டை போட்டால் அவர் போய் நடுவில் உட்கார வேண்டும். அவர் நடந்து போனால் பிள்ளைகள் ஓடிவந்து கை கூப்பி ஆசீர்வாதம் கேட்கும். முதலில் தடுமாறினார். பிறகு ஒவ்வொரு தலையிலும் கை வைக்கக் கற்றுக்கொண்டார், அவசரப்படாமல்.

நான் மட்டும் எந்த முறையிலும் சேரவில்லை. எனக்குப் பிள்ளை இல்லை. முதலில் வீம்பு, அதை ஒத்துக்கொள்கிறேன். "ஆடு பகையாம், குட்டி உறவாம். பெனித்தோவுக்கு அத்தை நீ, அவனோட ஞானத்தகப்பன் மட்டும் உனக்கு ஆகாதா?" என்று தோரிபியா குத்துவாள். நான் அண்ணன் வீட்டுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

எப்போது வீம்பு வேறொன்றாக மாறியது என்று எனக்குத் தெரியும். ஜூன் மாதம், பால்கட்டி வாங்கும்போது அவர் சொன்னார். "எங்க ஊர் ஆத்துக்கு அக்கரையே தெரியாது. சான் லொரென்சோ ஸ்டேஷனுக்கு மூணு தடவை மாற்றல் கேட்டிருக்கேன். ஜன்னல்லேர்ந்தே ஆறு தெரியும். என் தங்கையும் அங்கதான்."

"கெடச்சா போயிடுவீங்களா?"

"போகாம?" என்றார். பிறகு, "முன்னாடி கேட்டிருந்தா இப்படி யோசிக்காம சொல்லியிருப்பேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். அவர் போய்விடுவார் என்பதற்காக அழுதேன், தண்ணீருக்காக அல்ல. அதுதான் எனக்கே வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு யாராவது கொமாத்ரே ஆகச் சொன்னால் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவேன். கொம்பாத்ரேயும் கொமாத்ரேயும் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது, அண்ணன் தங்கை மாதிரி. மீறினால் அந்தப் பெண் சங்கிலியை இழுத்துக்கொண்டு காட்டில் கத்துகிற கோவேறுகழுதை ஆகிவிடுவாள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எனக்குக் கழுதையாக இஷ்டமில்லை.

ஜூலையில் முழுப் பட்டியல் போயிற்று. தொண்ணூற்று நான்கு பேர். மூட்டை கட்டிய இரண்டு குடும்பங்களில் ஒன்று திரும்பி வந்திருந்தது, அவர்களையும் சேர்த்து. ஆகஸ்டில் இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். லெஸ்கானோ என்று பெயர், கத்தமார்க்கா ஆள், குள்ளம், தோல் பை. செவ்வாய்க்கிழமை வண்டியில் வந்து, வண்டி அடுத்த ஊர்வரை போய்த் திரும்பும் இரண்டு மணி நேரத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும். ஊர் மொத்தமும் பிளாட்பாரத்தில் நின்றது.

"கல்யாணம் ஆகாத மனுஷனுக்குத் தொண்ணூத்து நாலு பேர் குடும்பம்" என்றார். "அங்க ஆபீஸ்ல இதைப் படிச்சுப் படிச்சுச் சிரிச்சாங்க. இதுல எத்தனை பொய்?"

"ஒண்ணுமில்லை" என்றார் மாஸ்டர். "தேதி, சாட்சி எல்லாம் எழுதியிருக்கேன். குடும்பம்னா என்னன்னு விதியில இல்லை. இருந்தா காட்டுங்க, கிழிச்சுப் போட்டுடறேன்."

லெஸ்கானோ ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். முடி வெட்டிய தேதி, தண்ணீர் ஊற்றிய வீடு. எதிலும் ஓட்டை இல்லை. கடைசியில் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் எங்க ஊர்ல ஒன்பது கொம்பாத்ரே இருக்காங்க. அவங்க உறவில்லைன்னு நான் எழுதிட்டு ஊருக்குள்ள போக முடியாது" என்றார். யாரோ மூச்சு விட்டார்கள். அவர் விரலைத் தூக்கினார். "ரெண்டு விஷயம் இருக்கு. இந்தக் குடும்பம் உங்க பேர்ல இருக்கு பெசோனி. ஸ்டேஷன் பேர்ல இல்லை. நீங்க போயிட்டா அடுத்து வர்றவனுக்கு இவங்க யாரோ. தண்ணி நின்னுடும்." பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். "சான் லொரென்சோ. கையெழுத்துப் போட்டா அடுத்த வாரமே. இதையும் பட்டியலையும் சேர்த்து என்னால எடுத்துட்டுப் போக முடியாது. ஏதோ ஒண்ணு."

மாஸ்டர் அந்தக் காகிதத்தைப் படித்தார். ஒரே பத்திதான். ரொம்ப நேரம் படித்தார்.

"ரெண்டாவது என்ன?" என்றார்.

"ஊர்ல தொண்ணூத்தஞ்சு தலை எண்ணினேன். பட்டியல்ல தொண்ணூத்து நாலு. உறவில்லாத ஒருத்தர் தண்ணி குடிக்கறாங்க. அதோட நான் கையெழுத்துப் போட முடியாது."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவ வீம்புக்காரிங்க" என்றாள் தோரிபியா. "இதோ இப்பவே ஒரு முறை பண்ணிடலாம். என் சின்னவளுக்கு இன்னும் முடி எடுக்கலை. மாஸ்டர் வெட்டட்டும், இவ முடி விழற தட்டைப் பிடிச்சா அவருக்குக் கொமாத்ரே, முடிஞ்சுது. பெத்ரோனா, வாடி."

"மாட்டேன்" என்றேன்.

"ஊரே தண்ணியில்லாம சாகப் போவுது, உனக்கு இன்னும் என்னடி வீம்பு?"

"வீம்பில்லை அண்ணி."

"பின்னே?" என்று கேட்டது இன்ஸ்பெக்டர்.

வாயை மூடியிருக்கலாம். வண்டி வந்துவிடும், லெஸ்கானோ போய்விடுவார், நான் வரிசையில் எப்போதும்போல முன்னால் நிற்பேன், ஆனால் குழாயில் ஒன்றும் வராது. "கொமாத்ரே ஆயிட்டா அப்புறம் அவரைக் கல்யாணம் பண்ணிக்க முடியாது" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரு தட்டில் ஆறும் தங்கையும், இன்னொரு தட்டில் தொண்ணூற்று நான்கு பேர் தாகம் என்று நின்ற மனுஷன் மேல் நானும் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அவர் போவதாக இருந்தால் நிம்மதியாகப் போகவிட்டிருக்க வேண்டும்.

மாஸ்டர் கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார். மாற்றல் காகிதத்தின் அடியில் 'தேவையில்லை' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு இன்ஸ்பெக்டர் பக்கம் தள்ளினார். பட்டியலை எடுத்துத் தொண்ணூற்று நான்காம் வரிக்குக் கீழே என் முழுப் பெயரை எழுதினார். உறவு என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"என்னைக் கேட்டீங்களா?" என்றேன்.

"இப்பத்தானே சொன்னீங்க."

"பண்ணிக்க முடியாதுன்னுதான் சொன்னேன். பண்ணிக்கறேன்னு சொல்லலை."

"அப்போ கேக்கறேன்" என்றார். எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். நான் தலையை ஆட்டினேன். உம்பிடெஸ் கிழவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அப்புறமென்ன, மனைவின்னு எழுதுங்க. வண்டி சத்தம் கேக்குது" என்றார் லெஸ்கானோ.

"எழுதமாட்டேன். இன்னிக்கு எழுதினா அது பொய். பாதிரியார் அக்டோபர்லதான் வருவார். கட்டம் காலியா இருக்கட்டும்."

"யோவ், அதுவரைக்கும் இந்தம்மா எந்தக் கணக்குல தண்ணி குடிக்கறது?"

"என் பங்குலேர்ந்து" என்றார் மாஸ்டர்.

லெஸ்கானோ அவரை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார், கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டி ஏறினார். அன்று தொடங்கி அக்டோபர் பதினெட்டாம் தேதிவரை, தினமும் காலையில், அரை டின் தண்ணீர் என் வாசலில் இருந்தது.